எண்ணெய் மாறிப் போனால்...

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவர் எவரும் "பெட்ரோல் போட வேண்டும்" என்று சொல்வது அபூர்வம். "எண்ணெய் போடணும்" என்பதுதான் வாயில் வரும். மலாயில் பெட்ரோலும் மின்யாக், டீசலும் மின்யாக். தமிழிலும் அதே நிலைதான். அடுப்பங்கரையில் இருப்பதும் எண்ணெய், லாரியில் ஊற்றுவதும் எண்ணெய். சாதாரணப் பேச்சில் இதனால் எந்தக் குழப்பமும் வருவதில்லை. ஆனால், தந்தை தமது வண்டிச் சாவியை மகனிடம் கொடுத்து, "எண்ணெய் குறைவா இருக்கு, வழியில போட்டுக்கோ" என்று சொல்லும்போது பாதிச் செய்திதான் போய்ச் சேருகிறது. எந்த எண்ணெய் என்ற மறுபாதி அப்பாவின் மனத்திலேயே தங்கிவிடுகிறது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். கோலாலம்பூரில் ஒரு குடும்பம். தந்தைக்குப் பந்தல் கட்டும் தொழில். அதற்காக டீசலில் ஓடும் பிக்அப் ஒன்று வைத்திருக்கிறார். மகனுக்கு 23 வயது. திங்கள் முதல் வெள்ளி வரை சிறிய பெட்ரோல் கார் ஒன்றில் வேலைக்குப் போய் வருகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவிலிருந்து நாற்காலிகள் ஏற்றி வர வேண்டும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. மகன் பிக்அப்பை எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒரு நண்பனையும் அழைத்துக்கொண்டு புறப்படுகிறான்.

தாப்பா ஓய்விடத்தில் எண்ணெய் நிலையம். வழக்கம்போல் முகப்பில் பணம் கட்டுகிறான். கைப்பேசியில் யாரோ அழைக்கிறார்கள். காதுக்கும் தோளுக்கும் இடையே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு, தினமும் எடுக்கும் அதே மஞ்சள் பிடியை எடுக்கிறான். டீசல் தொட்டிக்குள் 40 லிட்டருக்கு மேல் பெட்ரோல் இறங்குகிறது. குழாயைத் திரும்ப மாட்டும்போதுதான் மூடியின் உட்புறத்தில் இருக்கும் 'டீசல்' என்ற எழுத்து கண்ணில் படுகிறது.

அந்த நொடியில் நடந்திருப்பது ஒரு தவறு மட்டுமே. இயந்திரத்துக்கு இன்னும் எதுவும் ஆகவில்லை. இதை நேயர்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். தொட்டிக்குள் கிடக்கும் பெட்ரோல், தொட்டியை எதுவும் செய்யாது. அது அங்கேயே இருக்கும் வரை பட்டறைச் செலவு சில நூறு ரிங்கிட்டோடு முடிந்துவிடக் கூடியது. பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டக் கூடிய சேதம் எல்லாம் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

அந்த இளைஞன் என்ன செய்கிறான்? பின்னால் மூன்று கார்கள் காத்திருக்கின்றன. ஒருவர் ஹாரன் அடிக்கிறார். முகம் சிவக்கிறது. நண்பன் ஆலோசனை சொல்கிறான்: "ஒண்ணும் ஆகாதுடா. மெதுவா ஓட்டு. அடுத்த ஸ்டேஷன்ல டீசல் ஊத்தி நிரப்பிட்டா சரியாயிடும்." அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்வதா? அந்த எண்ணமே வயிற்றைக் கலக்குகிறது. ஆகவே, சாவியைத் திருப்புகிறான். வண்டி ஓடுகிறது! முதல் சில நூறு மீட்டர், குழாயில் ஏற்கெனவே இருந்த டீசலில் ஓடுகிறது என்பது அவனுக்குத் தெரியாது. நண்பன் சொன்னது சரி என்று நம்பி நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறான். கோப்பெங் வருவதற்குள் இழுவை குறைகிறது. 'டக் டக்' என்று ஒரு சத்தம். எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பிறகு வண்டி நின்றுவிடுகிறது.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, உள்ளே என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

பெட்ரோலும் டீசலும் ஒரே கச்சா எண்ணெயில் பிறந்த அண்ணன் தம்பிதான். ஆனால் குணம் நேர் எதிர். பெட்ரோல் இயந்திரத்தில் பிளக் ஒரு தீப்பொறியைக் கொடுக்கும். அந்த நொடியில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். அதற்கு முன் தானாகப் பற்றிவிடக் கூடாது. ரோன்95, ரோன்97 என்று போட்டிருக்கிறார்களே, அந்த எண் எதைக் குறிக்கிறது? அழுத்தத்தில் தானாகப் பற்றாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான். டீசல் இயந்திரத்தில் பிளக் தரும் தீப்பொறியே கிடையாது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஓட்டிக் காட்டிய இயந்திரத்தின் அடிப்படை இன்றும் அதுவே. காற்றை மட்டும் மிகக் கடுமையாக அழுத்தினால் அது கொதிக்கும் அளவுக்குச் சூடேறும்; அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆக, 'தானாகப் பற்றாதே' என்பதற்காகவே தயாரிக்கப்பட்ட பெட்ரோலை, 'தானாகப் பற்று' என்று கேட்கும் இயந்திரத்தில் ஊற்றினால் எப்படி ஒத்துப் போகும்?

இதுகூடப் பெரிய சேதம் அல்ல. எரியாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பெரிய சேதம் வேறிடத்தில் இருக்கிறது.

டீசலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விரலில் வழவழப்பாக இருக்கும். பெட்ரோல் கையில் பட்டால் தோலை உலர்த்திவிட்டுப் பறந்துவிடும். இன்றைய டீசல் வண்டிகளில் 'காமன் ரெயில்' என்ற முறை இருக்கிறது. எரிபொருளை 1,600 பார், 2,000 பார் என்ற அழுத்தத்துக்குத் தள்ளும் ஒரு பம்ப், அதை நுண்ணிய துளைகள் வழியே தெளிக்கும் இன்ஜெக்டர்கள். கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 பார் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பம்புக்குள் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது எது? தனியாக எந்த மசகு எண்ணெயும் அங்கே போவதில்லை. பெரும்பாலான பம்புகளில், உள்ளே ஓடும் டீசலே மசகு. பெட்ரோல் வந்தால் அந்த வழவழப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். உலோகம் உரசும். உரசினால் துகள் உதிரும். அந்தத் துகள் பம்போடு நிற்காமல் குழாய் வழியே ரெயிலுக்கும், ரெயிலிலிருந்து நான்கு இன்ஜெக்டருக்கும் போகும். எஞ்சியது திரும்பு குழாய் வழியாக மறுபடியும் தொட்டிக்கே வந்து சேரும். ஒரு பம்பில் தொடங்கிய தேய்மானம் முழு எரிபொருள் அமைப்பையும் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு செய்தி. 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் யூரோ 5 தர டீசல் கட்டாயமாக்கப்பட்டது. கந்தகம் மிகவும் குறைக்கப்பட்ட டீசல் இது. கந்தகத்தை நீக்கும் அதே சுத்திகரிப்பில் டீசலின் இயற்கையான வழவழப்பும் குறைகிறது. அதை ஈடுகட்டத் தனிச் சேர்மானங்கள் சேர்க்கப்படுகின்றன. 2019 முதல் போக்குவரத்து டீசலில் பத்து விழுக்காடு கலக்கப்படும் செம்பனை பயோடீசலும் இந்த வகையில் உதவுகிறது. அடுப்பங்கரையில் இருப்பதும் வண்டியில் ஊற்றுவதும் 'எண்ணெய்'தான் என்று தொடக்கத்தில் சொன்னது முழுக்க வேடிக்கை அல்ல. செம்பனைத் தோட்டத்தின் ஒரு பங்கு டீசல் தொட்டிக்குள் இருக்கிறது.

"அந்தக் காலத்தில் எங்கள் லாரியில் பெட்ரோல் கலந்து ஓட்டியிருக்கிறோமே" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது பொய்யல்ல. குளிர் நாடுகளில், உறைபனிக் காலத்தில் டீசல் கெட்டியாகிவிடாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் கலக்கும் வழக்கம் முன்பு இருந்தது. பழைய இயந்திரப் பம்புகள் அதைத் தாங்கின. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இன்றைய பிக்அப்புக்கு வைத்தியம் சொல்வதுதான் வில்லங்கம். தாப்பாவில் நண்பன் சொன்ன ஆலோசனையும் அந்தக் காலத்து மிச்சம்தான். யாரோ சொல்லி யாரோ கேட்டு அவன் காதுக்கு வந்திருக்கிறது.

பெட்ரோல் காரில் டீசலை ஊற்றிவிட்டால்? சேதம் பொதுவாகக் குறைவு. டீசல் கனமானது, பெட்ரோலோடு நன்றாகக் கலப்பதற்கு முன் தொட்டியின் அடியில் தங்கும், எரிபொருளை உறிஞ்சும் பம்பும் அடியில்தான் இருக்கும். ஆகவே வண்டி சீக்கிரமே திணறும், புகை கக்கும், நின்றுவிடும். தொட்டியை வடித்து, பிளக்குகளைத் துடைத்து அல்லது மாற்றி, ஃபில்டரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். புகையோடு விடாமல் ஓட்டினால்தான் புகைபோக்கியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பழுதாகும். ரோன்97 கேட்கும் காரில் ஒரு முறை ரோன்95 ஊற்றிவிட்டோமே என்று பதறுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கெல்லாம் இழுவை லாரியைக் கூப்பிட வேண்டியதில்லை. மிதமாக ஓட்டி, அடுத்த முறை சரியானதைப் போட்டால் போதும்.

பெட்ரோல் காரில் டீசல் போவதைவிட, டீசல் வண்டியில் பெட்ரோல் போவது ஏன் எளிது? இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் அமெரிக்காவில் ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தபோது, புதிய கார்களில் ஈயப் பெட்ரோல் தவறிப் போய்விடக் கூடாது என்பதற்காகத் தொட்டியின் வாயையும் குழாய் முனையையும் சிறியதாக்கினார்கள். ஈயப் பெட்ரோல் போய்விட்டது. சிங்கப்பூரில் 1998-இல் விற்பனை நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல் நின்றது. சிறிய வாய் மட்டும் நிலைத்துவிட்டது. பருத்த டீசல் குழாய் பெட்ரோல் காரின் வாயில் நுழையாது. ஆனால் மெல்லிய பெட்ரோல் குழாய் டீசல் வண்டியின் அகன்ற வாயில் தாராளமாக நுழையும். ஆபத்து அதிகமான பக்கத்தில் கதவு திறந்தே கிடக்கிறது.

நிறத்தை நம்பலாமா? நம் நாட்டில் ரோன்95 மஞ்சள், டீசல் கருப்பு என்று கண் பழகிவிட்டது. பிரிட்டனில் பச்சைப் பிடி என்றால் பெட்ரோல். அமெரிக்காவில் பல நிலையங்களில் அதே பச்சை டீசலுக்கு உரியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தத் தொல்லை வேண்டாம் என்று 2018 அக்டோபர் முதல் வடிவத்தைக் கொண்டு அடையாளம் வைத்தார்கள்: பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம். அண்டை நாட்டுக்குப் போகிறவர்கள் சொல்லையும் கவனிக்க வேண்டும். இந்தோனேசியாவில் பென்சின் என்றால் பெட்ரோல், சோலார் என்றால் டீசல். அங்கே வாடகை வண்டி எடுத்தவர் 'சோலார்' என்ற எழுத்தைப் பார்த்துச் சூரிய சக்தி என்று நினைத்தால் அது அவருடைய குற்றமா? ஆகவே நிறத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், பிடியில் உள்ள எழுத்தையும் மூடியில் உள்ள எழுத்தையும் வாசித்துப் பொருத்திப் பார்ப்பதுதான் சரியான வழி.

தவறு செய்கிறவர்கள் கவனம் இல்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் பழக்கத்தால் நடக்கும் தவறு இது. பெட்ரோல் கார் ஒன்றும் டீசல் வண்டி ஒன்றும் இருக்கும் வீடு. இரவல் வாங்கிய வேன். விடுமுறைக்கு எடுத்த வாடகை வண்டி. புது வண்டி வாங்கிய முதல் மாதம். மூளை எங்கோ இருக்கும், கை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 திட்டத்தில் மைகார்டைக் கொடுத்து ரோன்95 வாங்கிப் பழகியவர்களுக்கு அந்த வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது. கார்டு, எண், மஞ்சள் பிடி. வண்டி மாறியிருப்பதைக் கை அறியாது.

சரி, அந்த இளைஞனிடம் திரும்புவோம். அவன் தாப்பாவிலேயே வேறு மாதிரி நடந்திருந்தால்?

முதலில் சாவியைத் தொடக் கூடாது. இயந்திரத்தைக் கிளப்பக் கூடாது என்பது மட்டுமல்ல. சாவியை ஒரு கட்டம் திருப்பினாலே, அல்லது பொத்தானை அழுத்தினாலே, பல வண்டிகளில் தொட்டிக்குள் இருக்கும் மின் பம்ப் எரிபொருளைத் தள்ளத் தொடங்கிவிடும். வானொலி கேட்கவோ குளிர்சாதனத்துக்கோகூடப் போடக் கூடாது. வண்டியை ஓரமாகத் தள்ள முடிந்தால் கியரை நியூட்ரலில் வைத்து நாலு பேராகத் தள்ளலாம். சில புது வண்டிகளில் சாவி போடாமல் நியூட்ரலுக்கே வராது. அப்படியானால் வண்டி அங்கேயே நிற்கட்டும். முகப்பில் போய், "தப்பான எண்ணெய் போட்டுட்டேன்" என்று சொன்னால், ஊழியர்கள் சிவப்புக் கூம்பு வைத்து வரிசையை மாற்றிவிடுவார்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவர் அடித்துக்கொண்டே இருக்கட்டும். அவருக்கு ஐந்து நிமிடத் தாமதம், அவ்வளவுதான்.

ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். பட்டறைக்காரருக்கு அது பெரிய உதவி. வேறொரு வகையிலும் அது பயன்படும். சிங்கப்பூரில் பல நிலையங்களில் ஊழியரே எண்ணெய் ஊற்றித் தருகிறார். நம் நாட்டிலும் சில இடங்களில் உதவிக்கு வருகிறார்கள். வாடிக்கையாளர் டீசல் என்று சொல்லியும் ஊழியர் பெட்ரோலை ஊற்றிவிட்டால் பொறுப்பு நிலையத்தைச் சேரும். நிலைய நிர்வாகியிடம் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பேசித் தீராவிட்டால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கையில் ரசீது இல்லாமல் அங்கே போய் என்ன பேச முடியும்?

அடுத்தது இழுவை லாரி. காப்புறுதி நிறுவனங்கள் பல 24 மணி நேர இழுவைச் சேவை தருகின்றன. எண் பாலிசியிலேயே இருக்கும். அதை வீட்டில் பெட்டிக்குள் வைத்துவிட்டு நெடுஞ்சாலையில் தேடுவதில் பயனில்லை. கூப்பிடாமலே வந்து நிற்கும் லாரியைக் கண்டு உணர்ச்சிவசப்பட வேண்டாம். கொக்கி மாட்டுவதற்கு முன், எங்கே கொண்டு போகிறார், எவ்வளவு கேட்கிறார் என்பதைப் பேசி முடித்துவிட வேண்டும். பழுதுச் செலவைக் காப்புறுதி கொடுக்குமா என்பது வேறு விஷயம். வழக்கமான விரிவான பாலிசிகளில் இயந்திரக் கோளாறு விலக்கப்பட்டிருக்கும். பாலிசியைப் படித்துப் பார்ப்பதுதான் வழி. தயாரிப்பாளரின் உத்தரவாதமும் தப்பான எரிபொருளுக்குப் பொதுவாகப் பொருந்தாது.

இரண்டு லிட்டர் மட்டும் போனால் என்ன செய்வது என்று பலரும் கேட்பதுண்டு. தொட்டி 80 லிட்டர், தெரிந்ததும் நிறுத்திவிட்டோம், மேலே டீசலை நிரப்பி ஓட்டலாமா? ஓட்டலாம் என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னபடி ஓடிய வண்டிகளும் இருக்கலாம். ஆனால் பம்பும் நான்கு இன்ஜெக்டரும் யாருடைய பணம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காமன் ரெயில் வண்டி என்றால் வடித்துவிடுவதே விவேகம்.

வடிப்பதை வீட்டிலோ சாலையோரத்திலோ செய்யலாம் என்று சிலர் துணிகிறார்கள். இது காசு மிச்சம் பிடிக்கும் இடம் அல்ல. பெட்ரோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும்; அந்த ஆவி சின்னப் பொறியிலும் பற்றும். ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் நம்மவர்களிடம் இன்னும் போகவில்லை. ஒரு மடக்கு தவறி மூச்சுக் குழாய்க்குள் போனால் நுரையீரலே வெந்து போகும். அப்படி விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வரும் வழியில் மறுபடியும் நுரையீரலுக்குப் போய்விடும். நேராக மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வடித்ததைக் கால்வாயில் கொட்டுவது அடுத்த குற்றம். தீயும் பரவும், ஆறும் கெடும்.

பட்டறையில் என்ன செய்வார்கள்? இயந்திரம் ஓடவே இல்லை என்றால் தொட்டியை வடித்து, சரியான டீசலால் அலசி, ஃபில்டரை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டுக் கிளப்புவார்கள். மாலைக்குள் வண்டி கையில் இருக்கும். ஓடிவிட்டது என்றால் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பார்கள். அதில் வெள்ளித் தூள் போல ஏதாவது மின்னுகிறதா என்பதுதான் கேள்வி. மின்னினால் பம்ப் தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்புறம் பம்ப், ரெயில், இன்ஜெக்டர், குழாய்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரலாம். தொட்டியையும் கழுவ வேண்டும். பம்பை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால், மிச்சத் துகள் புதுப் பம்பையும் தின்னும்.

ஆனால் இவ்வளவும் சரியாக நடக்க ஒரு நிபந்தனை உண்டு. பட்டறைக்காரருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

கோப்பெங் அருகே நின்றுபோன பிக்அப்பின் கதையில் அதுதான் நடக்கவில்லை. மகன் அப்பாவை அழைத்து, "தெரியலப்பா, திடீர்னு நின்னுடுச்சு" என்கிறான். அப்பா தமக்குத் தெரிந்த பட்டறைக்கு வண்டியை இழுத்து வரச் சொல்கிறார். 'திடீரென்று நின்றுவிட்டது' என்ற நோய்க்கு மெக்கானிக் என்ன வைத்தியம் பார்ப்பார்? பாட்டரியைச் சோதிக்கிறார், ஸ்டார்ட்டரைச் சோதிக்கிறார். பத்து முறை, இருபது முறை கிளப்பிப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தப் பம்ப் வறண்டு சுழல்கிறது. மூன்றாம் நாள் ஃபில்டரைக் கழற்றும்போது மூக்கில் ஏறுகிறது பெட்ரோல் வாடை. "அண்ணே, யாரு எண்ணெய் போட்டது?" என்று அவர் கேட்கும் கேள்விக்கு வீட்டில் பதில் கிடைக்க இன்னொரு நாள் ஆகிறது. பந்தல் வேலை இரண்டு கைநழுவிப் போயிருக்கிறது.

மகனைத் திட்டித் தீர்ப்பது எளிது. அவன் ஏன் சொல்லவில்லை? தாப்பாவில் கைப்பேசி அவன் கையில்தான் இருந்தது. தந்தையின் எண்ணும் அதில் இருந்தது. ஆனால், கண்ணாடிக் குவளை உடைந்தாலும், மோட்டார் சைக்கிள் கீறினாலும் அந்த வீட்டில் முதலில் எழும் குரல் என்ன என்பது அவனுக்குத் தெரியும். "கண்ணு எங்கடா வச்சிருந்த?" என்பதுதான். சேதம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே யார் குற்றவாளி என்ற விசாரணை முடிந்துவிடும். அந்த விசாரணையைத் தள்ளிப் போடுவதற்காகத்தான் அவன் சாவியைத் திருப்பினான். கூலிக்கு வண்டி ஓட்டுகிறவர்களின் நிலை இன்னும் மோசம். முதலாளியின் லாரியில் தவறு நடந்துவிட்டால், சம்பளத்தில் பிடிப்பார்களோ, வேலையே போய்விடுமோ என்ற பயம். ஓடும் வரை ஓட்டிவிட்டு, நின்ற இடத்தில் 'தெரியாது' என்று கைவிரிப்பது அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. தண்டனை கடுமையாக இருந்தால் கவனம் கூடும் என்று முதலாளிகள் நினைக்கலாம். இந்தத் தவறு கவனத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தண்டனைப் பயம் கூட்டுவது மௌனத்தை மட்டும்தான். அந்த மௌனம் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் முதலாளியின் பம்பில்தான் தேய்கிறது.

சாவியைக் கொடுக்கும்போது "டீசல் வண்டி, ஞாபகம் வச்சுக்கோ, தப்பாப் போட்டுட்டா கிளப்பாம எனக்கு ஒரு போன் போடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லலாம். ஒன்றும் சொல்ல மாட்டேன் என்ற பகுதிதான் கடினம் என்பது உண்மை. அதைச் சொல்லிவிட்டு, பிறகு தொலைபேசி வந்ததும் கத்தினால், அடுத்த முறை தொலைபேசி வராது. மூடியின் மேல் 'டீசல்' என்று பெரிய எழுத்தில் ஓர் ஒட்டுத்தாள் ஒட்டுவதற்கு ஒரு ரிங்கிட் ஆகாது. பல லாரிகளில் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறார்கள். வீட்டு வண்டிகளில் அழகு கெடுமே என்று ஒட்டுவதில்லை.

விமானத் துறையிலும் இதே தவறு நடந்திருக்கிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற சாகச விமானி பாப் ஹூவர், 2016-இல் 94 வயதில் மறைந்தவர். ஒரு முறை அவருடைய பிஸ்டன் இயந்திர விமானத்தில், அதற்குரிய பெட்ரோலுக்குப் பதிலாக ஜெட் விமான எரிபொருளை ஊற்றிவிட்டார் ஓர் இளம் ஊழியர். ஜெட் எரிபொருள் ஏறத்தாழ டீசலின் குணம் கொண்டது. விமானம் மேலே எழுந்த சற்று நேரத்தில் இயந்திரங்கள் செயலிழந்தன. ஹூவர் தமது திறமையால் எப்படியோ தரையிறக்கினார். விமானம் சிதைந்தது, உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது அந்த இளைஞர் கண்ணீரோடு நின்றாராம். ஹூவர் அவரைத் திட்டவில்லை. இந்தத் தவறை இனி நீ செய்யவே மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே நாளை என் அடுத்த விமானத்துக்கு நீயே எண்ணெய் நிரப்பு என்ற கருத்தில் பேசியதாகச் சொல்லப்படுகிறது.

அவர் அதோடு விட்டுவிடவில்லை. மனிதர்கள் மறுபடியும் தவறு செய்வார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, குழாயையே மாற்றப் பாடுபட்டார். ஜெட் எரிபொருள் குழாயின் முனையைத் தட்டையாக அகலப்படுத்தினார்கள். பெட்ரோல் விமானங்களின் தொட்டி வாயில் சிறிய வளையம் பொருத்தினார்கள். அந்த முனையை விமானத் துறையினர் இன்றும் ஹூவர் முனை என்றும், வளையத்தை ஹூவர் வளையம் என்றும் அழைக்கிறார்கள்.